சாம்பல் புதனுக்கு அப்புறம்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலமான தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்கும். அந்தப் புதன் முடிந்த இரண்டு மூன்று நாளில் எங்கள் குடிநோய் சிகிச்சை மையத்துக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வருவார்கள். சுற்றிலும் கடற்கரை ஊர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். வருகிறவருக்குக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். சிலருக்கு வலிப்பே வந்திருக்கும். "பேய் பிடிச்ச மாதிரி பேசுறார் சார்" என்பார்கள் கூட வந்தவர்கள். பேயெல்லாம் இல்லை. வருடக்கணக்கில் தினமும் குடித்துப் பழகிய உடம்பு, தவக்காலம் வந்துவிட்டதென்று ஒரே நாளில் நிறுத்தியதைத் தாங்க முடியாமல் தவிக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு வருவது பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள். நிறுத்திய 2, 3 நாளில் சிலருக்கு இடம், நேரம் தெரியாத குழப்பம் வரும். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகவும் வாய்ப்புண்டு. தினமும் குடிப்பவர் நிறுத்த நினைத்தால் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, சில நாள் கண்காணிப்பு எல்லாம் தேவைப்படும். ஜெபமும் கூடவே நடக்கட்டும், அதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை.

சரி, இது உடம்பின் கதை. இதைத் தாண்டியவர்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

ஒருவர் வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். சொந்தப் படகு, வயது 45. ஏழு வருடமாகத் தவக்காலத்தில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமை ஒருசந்தி நோன்பு, சிலுவைப்பாதை ஜெபத்தில் முன்வரிசை. "நாற்பது நாள் விடமுடியுதே, அப்புறம் நான் எப்படிக் குடிநோயாளி?" என்று கேட்டார். வீட்டாரும் இதைத்தான் நம்பியிருந்தார்கள். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். இடையிடையே சில வாரம் நிறுத்த முடிவது குடிநோய் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. தொட்ட பிறகு அளவோடு நிறுத்த முடிகிறதா, தொடாத நாளிலும் நினைப்பு அதிலேயே சுற்றுகிறதா என்றுதான் நாங்கள் பார்ப்போம்.

அவர் நினைப்பு எங்கே இருந்தது என்பதை மனைவி சொன்னார். சமையலறை நாள்காட்டியில் தினமும் ஒரு பெருக்கல் குறி போடுவாராம். ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்பு, பெரிய வியாழனே பாட்டில் வாங்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார். பாஸ்கா (ஈஸ்டர்) இரவுப் பூசை முடிந்து வந்ததும் திறப்பார். "குடிச்சா சத்தம் போடுவார் சார். இந்த நாற்பது நாள் முகத்தைப் பார்த்தாலே பயமா இருக்கும்" என்றார் அந்த அம்மா.

சாம்பல் புதன் தொடங்கி பாஸ்கா ஞாயிறுக்கு முந்தின நாள்வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. "அப்போ ஞாயிறு குடிச்சா தப்பில்லையே?" என்று இன்னொருவர் என்னிடமே கேட்டிருக்கிறார். கணக்கில் புலி!

நானும் பூசைக்குப் போகிறவன்தான். போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் வாங்கும்போது "மனம் மாறி நற்செய்தியை நம்பு" என்று சொல்கிறார்கள். உடைகளை அல்ல, இதயத்தைக் கிழித்துக்கொள்ளுங்கள் என்ற இறைவாக்கினர் யோவேலின் வாசகமும், நோன்பு இருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், யாருக்கும் தெரிய வேண்டாம் என்ற இயேசுவின் வார்த்தையும் வாசிக்கப்படுவது அதே பூசையில்தான். அதைக் கேட்டுவிட்டுத்தான் நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்குப் போகிறோம்! சாம்பலும் நோன்பும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நாற்பது நாளில்தான் ஒரு மனிதரிடம் தெளிவாகப் பேச எனக்கு நேரம் கிடைக்கிறது.

அப்படித்தான் படகுக்காரரிடம் மூத்த மகளைப் பற்றிக் கேட்டேன். குடிபோதையில் தோழிகள் முன்னால் அவளை அறைந்திருக்கிறார். இரண்டு வருடமாக அவள் அவரோடு பேசுவதில்லை.

"அது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாச்சு சார். சாமியார் மன்னிப்புக் கொடுத்திட்டார்."

"மகள்கிட்ட சொன்னீங்களா?"

மின்விசிறியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். காணிக்கை செலுத்தப் போகும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் செய் என்று மத்தேயு நற்செய்தியில் இருப்பதை நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளில் 8, 9 இரண்டும் இதே வேலைதான்: யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியல் போடுவது, அவர்களுக்கே கேடு வராதபட்சத்தில் நேரில் போய் ஈடு செய்வது. அனுபவத்தில் சொல்கிறேன், பாட்டிலை விடுவதைவிட இது கஷ்டம்.

அவர் மகளிடம் பேசினார். அவள் பதில் சொல்லவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்றைக்குக் குடிக்கத் தோன்றியது என்று எனக்கு போன் செய்தார். குடிக்காமல் போன் செய்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகும் இரண்டு முறை சறுக்கினார், அதையும் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் தவக்காலத்தில் வருகிறவர்களுக்கு ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை ஒரு சந்திப்பு எழுதிக் கொடுக்கிறேன். நாற்பது நாள் இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவையே ஒரே இரவில் குடித்தால் ஆபத்து அதிகம் என்பது ஒரு காரணம். சீட்டைப் பார்த்துப் பலரும் கேட்பார்கள்: "அதான் அன்னைக்கு எல்லாம் முடிஞ்சிடுமே சார், எதுக்கு வரணும்?"