மாத்திரை போடப் போட வளரும் பாசி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவருக்குப் பாசி புதிதல்ல. ஆண்டு முழுக்க வெயில், மாலையில் மழை, சுற்றிலும் உரம் போட்ட செம்பனை. மேட்டிலிருந்து மழைநீர் குளத்துக்குள் வழிந்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடவே வரும். பச்சைப் பாசிக்கு வேறென்ன வேண்டும்? பம்ப் சில நாள் நின்றால் போதும், குளத்தின் அடி கண்ணுக்குத் தெரியாது.

"இன்னும் ரெண்டு குளோரின் மாத்திர சேத்துப் போடுங்கண்ணே, சரியாயிடும்" என்பார் கடைக்காரர். போட்டாலும் பச்சை மாறாது. சோதனைத் தாளில் மட்டும் குளோரின் தாராளமாகத் தெரியும். பல குளங்களில் பாசியைக் காப்பாற்றுவதே அந்த மாத்திரைதான் என்பேன்.

குளோரின் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. மின்னூட்டம் இல்லாத சின்ன மூலக்கூறு. பாசியின் செல்சுவரைத் தாண்டிப் புகுந்து நொதிகளைச் சிதைக்கிறது. கொல்வது இதுதான். ஆனால் வெயில் இதை விட்டுவைக்காது. நடுப்பகலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி அழிந்துவிடும். கடைக்காரர் தரும் டிரைகுளோர் மாத்திரை கரையும்போது குளோரினோடு சயனூரிக் அமிலமும் வெளிவருகிறது. அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். சேமநிதியில் கிடக்கும் பணம் மாதிரி: கணக்கில் இருக்கும், அவசரத்துக்குக் கைக்கு வராது. சோதனைத் தாள் காட்டுவது கணக்கை.

குளோரின் செலவாகிவிடும். சயனூரிக் அமிலம் ஆவியாகாது, எளிதில் சிதையாது, அப்படியே தங்கும். 50,000 லிட்டர் குளத்தில் 200 கிராம் மாத்திரை ஒன்று அதன் அளவை 2.2 பிபிஎம் (லிட்டருக்கு 2.2 மில்லிகிராம்) ஏற்றும். வாரம் இரண்டு போட்டால் ஆறு மாதத்தில் 100 பிபிஎம்மைத் தாண்டிவிடும். மழையில் குளம் நிரம்பி வழிந்தால் கொஞ்சம் குறையும். பாசியைக் கொல்ல, சயனூரிக் அமில அளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு குளோரின் வேண்டும் என்பது குளம் பராமரிப்பவர்கள் கையாளும் ஒரு கணக்கு. 30 இருந்தால் 12 போதும்; 100 என்றால் 40. அவ்வளவு ஊற்றுவதைவிட, தண்ணீரில் பாதியை மாற்றிவிடலாம். முழுதாக மட்டும் இறைத்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீரின் அழுத்தம் காலிக் குளத்தையே மேலே தூக்கிவிடும்.

அடியில் கிடக்கும் இலைதழையை முதலில் வலையால் அள்ளிவிட வேண்டும். அவையும் குளோரினைத் தின்னும். பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பி.எச். (அமில-கார அளவு) உயர்ந்திருக்கும், அதை 7.2 அளவுக்கு இறக்கலாம். அந்தி சாய்ந்ததும் திரவக் குளோரினை ஊற்றுங்கள், அதில் சயனூரிக் அமிலம் கிடையாது. அதே குளத்தில் 10 பிபிஎம் ஏற்ற, 10 விழுக்காட்டுத் திரவம் 5 லிட்டர் பிடிக்கும். இதற்கும் பி.எச். இறக்கும் அமிலத்துக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். இரண்டும் நேரடியாகக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். டிரைகுளோரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளையும் ஒரே வாளியில் போட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

பிறகு பிரஷ்ஷால் சுவரைத் தேய்க்கும் வேலை. இதில் சோம்பல் பட்டால் ஊற்றியதெல்லாம் வீண், வழவழப்பான படலத்துக்குள் பாசி பத்திரமாக இருக்கும். பம்ப் இரவு பகலாக ஓடட்டும். செத்த பாசி சாம்பல் நிறக் கலங்கலாகி மணல் வடிகட்டியில் சேரும். அழுத்தமானி ஏற ஏற பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி வடிகட்டியைக் கழுவ வேண்டும்.

எப்போது நிறுத்துவது? இருட்டியதும் குளோரினை ஒருமுறை அளந்து, விடியுமுன் மறுபடி அளந்து பாருங்கள். வெயிலே இல்லாத நேரத்தில் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால், தின்ன உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும் அன்றைக்கும் ஊற்றத்தான் வேண்டும்.