சன்தொக்கு: முக்குணம் அல்ல, முப்பயன்

ஜப்பானியச் சமையற்கத்தியான சன்தொக்குவைத் தமிழில் ‘முக்குணக் கத்தி’ என்று மொழிபெயர்த்து எழுதுவதை இனியாவது விட்டுவிட வேண்டும். தமிழில் முக்குணம் என்றால் சத்துவம், இராசதம், தாமதம். வேறு பொருளில் அந்தச் சொல்லைப் படிக்கத் தமிழருக்கு வராது.

‘சன்’ மூன்று, ‘தொக்கு’ நற்பண்பு, சிறப்பு. கத்தியைக் குறிக்கும் ‘ஹோச்சோ’ பின்னால் சேரும்போது ‘போச்சோ’ ஆகும். அதுவும் சீனத்தில் சமையற்காரரைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். மூன்று சிறப்பு எவை என்றால் இறைச்சி, மீன், காய்கறி என்பார்கள். சீவுதல், துண்டுபோடுதல், பொடியாக நறுக்குதல் என்றும் சொல்வதுண்டு. எப்படி எண்ணினாலும் எண்ணப்படுவது கத்தி செய்யும் வேலை. இறைச்சிக்கான கியூத்தோவும் காய்கறிக்கான நக்கிரியும் கலந்து, சென்ற நூற்றாண்டில் வீட்டுச் சமையலுக்கென்று உருவான வடிவம் அது. ஆகவே ‘முப்பயன் கத்தி’ என்பதே பொருந்தும்.

‘முக்குண’த்தைவிடக் கேடு செய்வது ‘பல்நோக்குக் கத்தி’ என்ற மொழிபெயர்ப்பு. பல்நோக்குக் கட்டடம், பல்நோக்கு மருத்துவமனை என்று அரசாணையில் புழங்கி உயிர் போன சொல் அது. கேட்பவர் ‘எதையும் வெட்டலாம்’ என்றே எடுத்துக்கொள்வார். உண்மையில் எதை வேண்டுமானாலும் வெட்டிவிடக் கூடாத கத்தி இது. அலகு வழக்கமாக 165 முதல் 180 மில்லிமீட்டர். கூர்வாயை இருபுறமும் ஏறத்தாழ 15 பாகையில் மெல்லியதாகத் தீட்டியிருப்பார்கள். உருக்கின் கடினம் பெரும்பாலும் ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்தக் கடினத்தால்தான் கூர் நெடுநாள் நிற்கிறது. அதனாலேயே வாய் வளைந்துகொடுக்காமல் தெறிக்கிறது. எலும்பில் போட்டாலும், உறைந்த இறைச்சியில் இறக்கினாலும், பூசணிக்குள் பாதி இறங்கியபின் பக்கவாட்டில் திருகினாலும் பிறைபோல ஒரு சில்லு போய்விடும். பிறகு சொரசொரப்பான 400 எண் தீட்டுகல்லில் அந்தப் பள்ளம் மறையும்வரை வாய் முழுவதையும் தேய்த்து இறக்கி, அதைவிட நயமான 1000 எண் கல்லில் கூர் ஏற்ற வேண்டும். மூன்று என்று எல்லை சொன்ன பெயரை ‘பல்’ என்று விரித்தவர், கத்தியைப் பாழாக்கவும் வழி சொல்லிக்கொடுத்துவிட்டார். வாயின் வளைவும் குறைவு. அதனால் நுனியைப் பலகையில் ஊன்றி ஆட்டி நறுக்குவதைவிட, முன்னே தள்ளி இறக்குவதே இதற்கு ஏற்றது.

‘கைவினைக் கத்தி’ என்ற அடைமொழியும் தெளிவில்லாதது. பிடியில் சித்திர வேலைப்பாடு இருப்பதாக எண்ண வைக்கிறது. ஜப்பானில் சகாய், எச்சிசென் ஆகிய ஊர்ப் பட்டறைகளின் கத்திகளை அந்நாட்டார் ‘உச்சிஹமொனோ’ என்கிறார்கள்: ‘உச்சி’ அடித்தல், ‘ஹமொனோ’ கூர்வாய்க் கருவி. மென்மையான இரும்போடு கடினமான உருக்கைச் சேர்த்துக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒட்டவைப்பது அந்த வேலை. உருக்குத்தான் கூர்வாய் ஆகிறது. இரும்பு அதைத் தாங்குகிறது. கரிம உருக்கு என்றால் தக்காளி, எலுமிச்சை நறுக்கிய கையோடு கழுவித் துடைக்காவிட்டால் துரு ஏறும். நம் கொல்லர் பட்டறையில் ‘அடித்த கத்தி’ என்றால் யாருக்கும் புரியும். அந்தச் சொல் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் ‘கைவினை’யைத் தேடிப் போகிறார்கள்? ‘பட்டறையில் அடித்த முப்பயன் கத்தி’ என்று எழுதுங்கள்.