சி.டி. மதிப்புகளைக் குவித்துப் பார்த்தால்

கொரோனா பரிசோதனை அறிக்கை வந்ததும் எல்லோரும் முதலில் தேடியது பாசிட்டிவா, நெகட்டிவா என்பதைத்தான். சில ஆய்வகங்கள் பக்கத்திலேயே சி.டி. மதிப்பு என்று ஓர் எண்ணையும் அச்சிட்டுத் தந்தன. 18 என்றால் பயம், 31 என்றால் நிம்மதி என்று வாட்ஸ்அப்பில் தனி வைத்தியமே நடந்தது. உண்மையில் ஒருவருக்கு நோய் முற்றுமா என்று சொல்ல அந்த எண்ணை அவ்வளவாக நம்ப முடியாது. ஆனால் ஊரில் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்கிறது.

மூக்குச் சளியில் உள்ள வைரஸின் ஆர்.என்.ஏவை டி.என்.ஏவாக மாற்றி, பி.சி.ஆர். கருவி திரும்பத் திரும்பப் பிரதி எடுக்கிறது. சூடேற்றிக் குளிர்விக்கும் ஒவ்வொரு சுற்றிலும் பிரதிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிரதிகள் பெருகப் பெருக, கூடச் சேர்த்த சாயம் ஒளிரும். எத்தனையாவது சுற்றில் அந்த ஒளி குறிப்பிட்ட வரம்பைத் தாண்டுகிறதோ அதுதான் சி.டி. (சைக்கிள் த்ரெஷோல்ட்) மதிப்பு. வைரஸ் நிறைய இருந்தால் சீக்கிரமே தாண்டிவிடும், எண்ணும் சிறிதாக இருக்கும். 20க்கும் 30க்கும் இடையே பத்து இரட்டிப்புகள், அதாவது சுமார் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

தொற்றிய சில நாட்களிலேயே வைரஸ் மளமளவென்று ஏறி, அறிகுறி தெரியும் நாட்களை ஒட்டி உச்சம் தொடும். இறங்குவதோ நிதானமாக, வாரக்கணக்கில். ஆகவே சி.டி. பெரிதாக இருந்தால் பெரும்பாலும் அது பழைய தொற்று.

இப்போது ஒரு கணக்கு. புதுத் தொற்றுகள் ஐந்து நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன என்று வைத்துக்கொள்வோம். 20 நாட்களுக்கு முன் ஒருவருக்குத் தொற்றியிருந்தால் இன்று 16 பேருக்குத் தொற்றும். அலை அதே வேகத்தில் வடிந்தால் கணக்கு தலைகீழ்: இன்று ஒருவர், 20 நாட்களுக்கு முன் 16 பேர். குழந்தைகள் நிறையப் பிறக்கும் நாட்டில் சராசரி வயது குறைவது போல, ஏறும் அலையில் தொற்றுகளின் 'வயது' குறைவு. அப்போது சி.டி. மதிப்புகளும் சிறிய எண்கள் பக்கம் குவியும்.

ஜேம்ஸ் ஹே, மைக்கேல் மினா உள்ளிட்ட ஹார்வர்டு ஆய்வாளர்கள் இதற்கான கணித முறையை 2021இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பாஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் வழக்கமான பரிசோதனையில் கிடைத்த சி.டி. மதிப்புகளை வைத்து மாசசூசெட்ஸ் அலையின் போக்கைக் கணித்துக் காட்டினார்கள். எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது என்பதைப் பொறுத்துத் தினசரி எண்ணிக்கை கூடும், குறையும். இந்த முறைக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒரே நாளில் எடுத்த மாதிரிகளிலிருந்தும் போக்கை ஊகிக்கலாம் என்பது எனக்குப் பிடித்த அம்சம்.

சரி, சிக்கலே இல்லையா? உண்டு. கருவிக்குக் கருவி எண் மாறும், சளி எடுக்கும் விதத்தாலும் மாறும். காய்ச்சலோடு வருபவர்களை மட்டும் சோதித்தால், எல்லோருமே தொற்றிய சில நாட்களில் வந்தவர்களாக இருப்பார்கள், கணக்கு சாய்ந்துவிடும். அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துச் சோதித்த பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் தரவு அதனால்தான் மதிப்புள்ளது. தடுப்பூசியும் புதிய திரிபும் உடலில் வைரஸ் ஏறி இறங்கும் விதத்தையே மாற்றலாம் என்பதால் கணக்கை அவ்வப்போது திருத்தவும் வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் எண்ணைச் சேமித்து வைத்திருக்க வேண்டுமே! பல இடங்களில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் மேலே அனுப்பிவிட்டு, சி.டி.யைக் கருவியின் கணினியிலேயே விட்டுவிட்டார்கள்.