அடிக்காததற்குப் பெயர் ‘அடி’யா? ஸ்டிரைக்: சொல் விளக்கம்

“மூன்று அடி ஆனால் பேட்டர் அவுட்.” சிறுவர் பேஸ்பால் லீக் விதிகளைத் தமிழில் சொல்லும் குறிப்புகளில் இந்த வாக்கியம் சலிக்கச் சலிக்கக் கண்ணில் படுகிறது. அதே குறிப்பில் நாலு பத்தி தள்ளி இன்னொன்றும் இருக்கும்: “தன்னைத் தொட வருபவரிடமிருந்து தப்ப, ஓடுபவர் நேர்க்கோட்டைவிட்டு மூன்று அடிக்கு மேல் விலகினால் அவுட்.” முன்னது ஸ்டிரைக், பின்னது நீளம். பிள்ளையை முதல் தடவை மைதானத்துக்குக் கூட்டிவந்த பெற்றோர் இதைப் படித்துவிட்டு என்ன புரிந்துகொள்வார்? மூன்று தடவை பந்தை அடித்தால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றுதான். விதி சொல்வது இதற்கு நேர் எதிர்.

முதலில் பொருள். பேட்டர் மட்டையைச் சுழற்றியும் பந்து படவில்லை என்றால் ஸ்டிரைக். சுழற்றாமல் சும்மா நின்றாலும், அடிக்கத்தக்க இடத்தில்தான் பந்து வந்தது என்று அம்பயர் கருதினால் ஸ்டிரைக். மட்டையில் பட்டு, ஆடுகளத்தின் பக்க எல்லையான ஃபவுல் கோட்டுக்கு வெளியே தரையில் விழுந்தால், முதல் இரண்டு ஸ்டிரைக் வரை அதுவும் கணக்கில் சேரும். இரண்டு ஆனபிறகு எத்தனை ஃபவுல் போனாலும் கணக்கு நகராது. ஆனால் சுழற்றாமல் மட்டையை நீட்டிப் பிடித்துத் தட்டும் ‘பன்ட்’ ஃபவுலாகப் போனால் அதுவே மூன்றாவது ஸ்டிரைக். மட்டையை உரசிக்கொண்டு நேரே, பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்க நிற்கும் கேட்சரின் கையுறைக்குள் போய்த் தங்கிய பந்தும் ஸ்டிரைக்தான். இந்த ஐந்தில் எதிலாவது பந்து ஒழுங்காக அடிபட்டதா? ஒன்றில்கூட இல்லை.

வேர்ச்சொல் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலத்துக்கு வருடுதல், நகர்தல் என்றே பொருள். ஓங்கி அடித்தல் பின்னால் ஏறியது. 1768இல் லண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் பாய்களை இறக்கிவைத்து வேலையை முடக்கியதிலிருந்து வேலைநிறுத்தப் பொருளும் ஒட்டிக்கொண்டது. (கணினி மொழிபெயர்ப்பில் ‘வேலைநிறுத்த மண்டலம்’ என்று வந்தால் அது ஸ்டிரைக் விழும் பரப்பைக் குறிக்கிறது என்று யூகித்துக்கொள்ள வேண்டியதுதான்.) பேஸ்பாலுக்கு வந்தால், நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கழகம் 1845இல் எழுதிவைத்த விதிகளில், மூன்று பந்துகளை நோக்கி மட்டையை வீசித் தவறவிட்டு, கடைசிப் பந்து பிடிபட்டால் அவுட். அக்காலத்தில் பேட்டருக்குப் பெயரே ‘ஸ்டிரைக்கர்’. நல்ல பந்து வந்தாலும் அடிக்காமல் நின்று ஆட்டத்தை இழுத்தடிப்பவர்கள் பெருகியதால், எச்சரித்த பிறகு அவர்கள்மீது ஸ்டிரைக் சொல்லும் அதிகாரம் 1858இல் அம்பயருக்கு வந்தது. ஃபவுலையும் ஸ்டிரைக்காக எண்ணும் வழக்கம் நேஷனல் லீகில் 1901இலும் அமெரிக்கன் லீகில் 1903இலும் சேர்ந்தது.

நமக்கு வேண்டிய ஆண்டு 1858. அதுவரை ஸ்டிரைக் என்பது ஒரு செயலின் பெயர்: மட்டையை வீசுதல். அதற்குப் பிறகு ஒன்றுமே செய்யாதவன்மீதும் அது விழுந்தது. அன்றிலிருந்து அது பேட்டர் கணக்கில் குத்தும் கரும்புள்ளி, அவ்வளவே. தமிழாக்குகிறவர் இந்தக் கரும்புள்ளியைத் தமிழாக்க வேண்டும். ‘அடி’ என்பவர்கள் இன்னும் 1857லேயே நிற்கிறார்கள்.

‘அடி’க்கு வாதாடுகிறவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். அகராதியில் அப்படித்தான் இருக்கிறது என்பது முதலாவது. இருக்கிறதுதான், ஆனால் அகராதி தருவது பொதுப்பொருள். களத்துப் பொருளைக் களத்தில் நின்றுதான் எடுக்க வேண்டும்.

ஆங்கிலக் குழந்தைக்கும் இதே முரண் இருக்கிறதே, அது பழகிக்கொள்ளவில்லையா என்பது இரண்டாவது. இது கொஞ்சம் கனமான வாதம், பதில் சொல்லத்தான் வேண்டும். ஆங்கில வினை, இலக்கை நோக்கி ஓங்குவதையும் சொல்லும், பட்டதையும் சொல்லும். அதனால் பட்டதும் படாததும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. தமிழ் ‘அடி’க்கு அந்த இடைவெளி கிடையாது. ‘அடித்தான்’ என்றால் பட்டது என்று பொருள். படாவிட்டால் ‘ஓங்கினான்’, ‘வீசினான்’, ‘அடிக்கப் பார்த்தான்’ என்போம். “பந்தை அடித்தான், படவில்லை” என்று எந்தப் பிள்ளையும் பேசுவதில்லை. இதைப் பார்த்துவிட்டு ‘ஓங்கல்’ என்று மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அது முதல் வகைக்கு மட்டும் பொருந்தும். தோளில் மட்டையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிறவன் எதை ஓங்கினான்?

மூன்றாவது காரணம், பேஸ்பாலுக்கே அடிபந்தாட்டம் என்று பெயர் வைத்துவிட்டோமே, ‘அடி’ அதோடு இயைகிறதே என்பது. இயைவதுதான் இங்கே தொல்லை. விதிநூல் முழுக்க வேறு அடிகள் மொய்த்துக்கொண்டிருக்கின்றன. சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகின் 12 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆடுகளத்தில், ஓடுபவர் தொட வேண்டிய ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸ் 60 அடி. பந்து வீசும் பிட்சர் நிற்கும் பலகையிலிருந்து, பேட்டர் பக்கத்தில் நின்று ஆடும் ஹோம் பிளேட் என்ற தட்டு 46 அடி. பேட்டர் பந்தை அடித்தால் அது ‘ஹிட்’, அதுவும் அடி. பிட்சர் வீசிய பந்து பேட்டர் உடம்பில் பட்டால் அவர் அடிபட்டவர், முதல் பேஸ் அவருக்கு இலவசம். ஆனால் உடம்பில் பட்ட அந்தப் பந்து ஸ்டிரைக் பரப்புக்குள் வந்திருந்தாலோ, அவர் மட்டையை வீசியிருந்தாலோ பேஸ் கிடையாது, ஸ்டிரைக்தான். இந்த விதியை ‘அடி’ வைத்து எழுதிப் பாருங்கள்: “அடிக்கப் போய் அடிபட்டால் அது அடி; அடிக்காமல் அடிபட்டால் அது அடியல்ல.” வாய்ப்பாடு போல ஒப்பிக்கலாம், விதியாக நடத்த முடியாது.

‘தாக்கு’, ‘தாக்கு மண்டலம்’ என்றொரு கட்சியும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்குப் போர்க்களச் சொல் எதற்கு?

அப்படியானால் ‘ஸ்டிரைக்’ என்றே விட்டுவிடலாமே என்றால், நமக்குக் கிரிக்கெட் ஒரு வேலை செய்துவைத்திருக்கிறது. தமிழ் வர்ணனையில் ‘ஸ்டிரைக்’ என்பது பந்தை எதிர்கொள்ளும் முறை. ஒற்றை ரன் எடுத்து ஸ்டிரைக் மாற்றுவது கெட்டிக்காரத்தனம், கடைசி ஓவரில் ஸ்டிரைக்கைத் தன்னிடமே வைத்துக்கொள்வது இன்னும் கெட்டிக்காரத்தனம். ஸ்டிரைக் ரேட் ஏற ஏறப் பெருமை. கேரம் பலகையிலோ காயைத் தள்ளும் வில்லைக்கு ஸ்டிரைக்கர் என்று பெயர். இத்தனையும் காதில் ஊறிய அப்பா, அம்பயர் “ஸ்டிரைக்!” என்றதும் தன் பிள்ளைக்குக் கைதட்டத்தானே செய்வார்? அம்பயர் வாயில் ‘ஸ்டிரைக்’ இருக்கட்டும். ஆட்டம் நடக்கும் மொழி அது. விளக்கம் எழுதுகிறவர்தான் தமிழ்ச் சொல் ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது.

‘தவறல்’ என்பது என் தேர்வு. சுழற்றியவன் பந்தைத் தவறவிட்டான். சும்மா நின்றவன் நல்ல பந்தைத் தவறவிட்டான். ஃபவுல் அடித்தவன் களத்துக்குள் அனுப்பும் வாய்ப்பைத் தவறவிட்டான். ஐந்து வகைக்கும் பொருந்துகிறது, எழுத்தும் நாலே. மூன்றும் சேர்ந்து வெளியேறுவதை, முத்தமிழ் புணர்ந்ததுபோல, ‘முத்தவறல்’ எனலாம். பேச்சில் ‘கோட்டைவிட்டான்’ என்று நாம் சொல்வது இதைவிட உயிருள்ள சொல்தான், ஆனால் விதிநூலில் ஏறாது.

இதற்கு வரக்கூடிய மறுப்பு ஒன்றுதான்: களத்தடுப்பாளர் செய்யும் ‘எரர்’ தவறு ஆயிற்றே, ஃபவுலைத் ‘தவறான பந்து’ என்கிறார்களே, குழம்பாதா? எரருக்குப் ‘பிழை’ என்று நல்ல சொல் காத்திருக்கிறது. ஃபவுலைத் தவறு என்றதுதான் முதல் தவறு. பேஸ்பாலில் ஃபவுல் குற்றமல்ல, பந்து கோட்டுக்கு எந்தப் பக்கம் போனது என்ற தகவல் மட்டுமே. ‘கோட்டுப்புறப் பந்து’ என்றால் முடிந்தது.

ஸ்டிரைக்குக்குத் தவறல் என்றால் ஸ்டிரைக் பரப்பும் ‘தவறல் மண்டலம்’ ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ஒரே குடும்பமாக இருப்பவை தமிழிலும் ஒரே குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் மொழிபெயர்ப்பாளர்களின் பரம்பரை வியாதி. அந்தப் பரப்பு பிட்சருக்கு இடப்பட்ட எல்லை. ‘வீச்சு வரம்பு’ என்று சொன்னால் நேரே புரியும். லிட்டில் லீகில் அது பேட்டர் இயல்பாக நிற்கும் நிலையில் அக்குளிலிருந்து முழங்காலின் மேல்விளிம்பு வரை. அகலம் ஹோம் பிளேட்டின் அகலம், 17 அங்குலம். பந்தின் ஓர் ஓரம் உரசினாலும் போதும் என்பதால், கிட்டத்தட்ட 3 அங்குல விட்டமுள்ள பந்துக்கு உண்மையில் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய 23 அங்குலம். ‘மண்டலம்’ என்றதும் பேட்டருக்கு முன்னால் தட்டையாக ஒரு சட்டம் தொங்குவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சட்டமல்ல, ஐங்கோணத் தட்டின்மேல் நிமிர்ந்து நிற்கும் கனவடிவம். சிறுவர்கள் வீசும் மெதுவான பந்து வளைந்து இறங்கும். தட்டின் முன்விளிம்பில் முழங்கால் மேல்விளிம்பை உரசிவிட்டு, கேட்சர் கையுறைக்குப் போகும்போது கணுக்காலளவுக்குத் தாழ்ந்திருக்கும். பிடித்த இடத்தைப் பார்த்துவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் கூச்சலிடுவார்கள். அம்பயர் பார்ப்பது தட்டைக் கடந்த இடத்தை. அதேபோல, பிள்ளை குனிந்து உட்கார்ந்தாற்போல் நின்று வரம்பைச் சுருக்கப் பார்த்தாலும் பலிக்காது. இயல்பாக நிற்கும் உயரம்தான் கணக்கு.

வரம்புக்குள் வராமல், பேட்டரும் மட்டை வீசாமல் போன வீச்சுக்கு ஆங்கிலத்தில் ‘பால்’. நாலு சேர்ந்தால் முதல் பேஸ். இதைக் கண்ணை மூடிக்கொண்டு ‘பந்து’ என்று எழுதியதுதான் ‘அடி’யைவிடப் பெரிய சேதம், ஏனென்றால் இதில் பிள்ளைகளின் தோளும் முழங்கையும் மாட்டிக்கொள்கின்றன. லிட்டில் லீக் விதிப்படி ஒரு பிட்சர் ஒரு நாளில் வீசக்கூடிய எண்ணிக்கை 7–8 வயதுக்கு 50, 9–10 வயதுக்கு 75, 11–12 வயதுக்கு 85. பேட்டரை நோக்கி வீசிய எல்லாமே இதில் அடங்கும்: தவறல், கோட்டுப்புறம், அடிபட்டுப் போனது, வரம்பு விலகியது, எல்லாம். தமிழ்க் குறிப்பிலோ “நாலு பந்து ஆனால் முதல் பேஸ்” என்று மேலேயும், “ஒரு நாளைக்கு 85 பந்து” என்று கீழேயும் இருக்கிறது. இதை நம்பி ஏடு எழுத உட்காருகிறவர் மேலே படித்த பொருளில் வரம்பு விலகியவற்றை மட்டும் எண்ணினால், 85 ஆவதற்குள் பையன் அதைப்போல இருமடங்கு வீசியிருப்பான். ஓய்வுக் கணக்கும் கூடவே குலையும். 14 வயதுவரை, 21 முதல் 35 வீச்சுக்கு 1 நாள் ஓய்வு, 36 முதல் 50க்கு 2, 51 முதல் 65க்கு 3, 66க்கு மேல் 4. ஒரே நாளில் 41 வீசிவிட்டவர் அன்று கேட்சராகவும் நிற்கக் கூடாது. இதையெல்லாம் ‘வீச்சு’ என்று எண்ணி, வரம்பு விலகியதைப் ‘புறவீச்சு’ என்று பிரித்துவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் உள்ள குறையும் இதுதான். அவர்கள் கையில் இரண்டு பத்திப் பட்டியல் இருக்கிறது, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ். சொல் ஒவ்வொன்றாக மாறுகிறது, விதி ஒன்றும் தமிழுக்கு வருவதில்லை. மூன்றாவது ஸ்டிரைக்கைக் கேட்சர் பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்ற விதியை “விழுந்த மூன்றாவது அடி” என்று எழுதியவருக்கு, அங்கே விழுவது எது என்று தோன்றவே இல்லை. இதே விதி தமிழில் இப்படி இருக்கலாம்: “மூன்றாவது தவறலில் பந்தைக் கேட்சர் தரையில் படாமல் பிடிக்கவில்லை என்றால், முதல் பேஸ் காலியாக இருக்கும்போதோ ஏற்கெனவே இரண்டு பேர் அவுட்டாகியிருக்கும்போதோ, பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். சின்னப் பிள்ளைகளின் மைனர் பிரிவில் இந்தச் சலுகை இல்லை. மூன்றாவது தவறலோடு அவுட்.” பட்டியலைத் திறக்காமலே எழுதிவிடலாம், ஆட்டம் தெரிந்திருந்தால்.

எண்ணிக்கை சொல்லும் வரிசையையும் கவனிக்க வேண்டும். பேஸ்பாலில் புறவீச்சு முதலில் வரும், தவறல் பின்னால். அம்பயர் விரல் காட்டி “மூன்று, இரண்டு” என்றால் மூன்று புறவீச்சு, இரண்டு தவறல். அடுத்தது கோட்டுப்புறம் போனால் கணக்கு அங்கேயே நிற்கும்.