காசநோய்க்காரருக்கு ஏன் ஜன்னலோரம் படுக்கை போட்டாங்க?

மலையகத்துல பொகவந்தலாவ பக்கம் இருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருந்தாங்க. மாமனாருக்கு டிபினு சொல்லிட்டாங்களாம், ஆஸ்பத்திரில வச்சுக்காம மாத்திரையக் குடுத்து வீட்டுக்கே அனுப்பிட்டாங்களாம், லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருக்கறதே ஒரு காம்பரா (அறை) ஒரு இஸ்தோப்பு (முன் திண்ணை), அதுல ரெண்டு சின்னப் புள்ளைங்க வேற. "இது சரியா அண்ணே? மாத்திரையே இல்லாத காலத்துல வீட்டுலயே வச்சு எப்படித்தான் பாத்தாங்க?"

முதல் கேள்விக்கு பதில், சரிதான், பயப்படாதீங்க, காரணத்த கடைசில சொல்றேன். ரெண்டாவது கேள்வி இருக்கே, அதுக்குள்ள அருமையான பௌதிகம் ஒன்னு ஒளிஞ்சு கிடக்கு, அத சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

காசநோய் ஒரு பற்றீரியாவால வருது, நுரையீரல்லதான் பெரும்பாலும் குடியேறும், இருமல் வழியா காத்துல பரவும், இதெல்லாம் ஓஎல் விஞ்ஞானத்துலயே படிச்சதுதான். கிருமிய ராபர்ட் கொஹ் 1882 மார்ச் 24 பெர்லின்ல வச்சு அறிவிச்சார். ஆனா அத கொல்ற முதல் நல்ல மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் 1943லதான் கண்டுபிடிக்கப்பட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க, எதிரி யாருனு தெரியும், கையில ஆயுதம் இல்ல, இப்படியே அறுபது வருஷம். சளியில கிருமி தெரியுற அளவுக்கு முத்தின நோயாளிங்கள்ல 70 வீதம் பேர் 10 வருஷத்துக்குள்ள இறந்து போனாங்க.

காசு உள்ளவங்க மலைமேல இருந்த சானடோரியம்ங்கற காசநோய் விடுதிகளுக்குப் போனாங்க, நல்ல சாப்பாடு, ஓய்வு, நாள் முழுக்க திறந்த வெளில படுக்கை. காசில்லாதவங்களுக்கு வீடுதான். அவங்கள எப்படிப் பாக்கறதுனு அக்கறையா யோசிச்ச டாக்டர்மாரும் இருந்தாங்க. எடின்பரோல ரொபர்ட் பிலிப் 1887ல ஒரு காசநோய் டிஸ்பென்சரி திறந்து, நோயாளி வீட்டுக்கே ஆள் அனுப்பி வீடு எப்படி இருக்கு, கூட யார் யார் படுக்கறாங்கனு பாக்க வச்சார். 1905ல பாஸ்டன்ல ஜோசப் ப்ராட்னு ஒரு டாக்டர், சானடோரியத்துக்குப் போக வழியில்லாத ஏழைங்கள சேத்து இமானுவேல் சர்ச் ஆதரவுல ஒரு வகுப்பு மாதிரி நடத்தினார். வேலைய விட்டுட்டு ஓய்வெடுக்கணும், பால் முட்டைனு நல்லா சாப்பிடணும், காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டோம், எத்தன மணிநேரம் வெளில இருந்தோம்னு தினம் ஒரு கொப்பில எழுதணும், வாரம் ஒருக்கா எல்லாரும் கூடி நிறை பாக்கணும், இடையில ஒரு ஆள் வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போவாங்க. முக்கியமான விதி, ராத்திரியும் வெளிக்காத்துலதான் படுக்கணும், பால்கனியிலயோ மொட்டைமாடி கூடாரத்துலயோ, அதுவும் பாஸ்டன் குளிர்ல! நம்ம நுவரெலியாக் குளிரெல்லாம் அதுக்கு முன்னாடி ஒன்னுமே இல்ல. சளிய கடதாசிக் கோப்பைல துப்பி அப்படியே எரிச்சிடுவாங்க.

இதெல்லாம் சும்மா நம்பிக்கையா, இல்ல ஆதாரம் இருந்துச்சா? ஓரளவு இருந்துச்சு. அமெரிக்கால ட்ரூடோனு ஒரு டாக்டர், அவருக்கே காசநோய், 1886ல முயல் வச்சு ஒரு பரிசோதனை செஞ்சார். அஞ்சு முயலுக்கு கிருமிய ஏத்தி இருட்டான ஈரமான குழில அரைவயித்துச் சாப்பாட்டோட அடைச்சார், நாலு செத்துப் போச்சு. இன்னொரு அஞ்சுக்கும் அதே கிருமிய ஏத்தி ஒரு சின்னத் தீவுல நல்ல தீனியோட ஓட விட்டார், ஒன்னுதான் செத்துச்சு. கிருமி இல்லாம குழில அடைச்ச அஞ்சு முயலும் மெலிஞ்சு போச்சு, ஆனா காசநோய் வரல. இதுல பாருங்க, தீவு முயலுக்கு காத்து மட்டும் கிடைக்கல, சாப்பாடு, வெயில், ஓடற இடம் எல்லாமே சேந்து கிடைச்சுச்சு. எது காப்பாத்துச்சுனு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்தக் கால டாக்டர்மார் நிறைய பேர் குளிர்ந்த சுத்தக் காத்துக்கே பெரிய பங்கு குடுத்தாங்க. காத்து நுரையீரல ஆத்தும்னு நம்பினாங்க.

என் பார்வைல, காத்து நோயாளிக்கு செஞ்ச உதவிய விட பக்கத்துல படுத்திருந்த புள்ளைக்கு செஞ்ச உதவிதான் ரொம்பப் பெருசு. எப்படினு சொல்றேன்.

இருமும்போது ரெண்டு வகையான துளி வரும். பெருசு சில வினாடில தரையில விழுந்துடும், அதால பெரிய ஆபத்து இல்ல. சின்னத் துளி விழறதுக்கு முன்னாடியே காஞ்சு, உள்ள ஒன்னு ரெண்டு கிருமியோட, ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல சில பங்கு அளவுக்குச் சுருங்கிடும். இதுக்கு விழவே தெரியாது, மணிக்கணக்கா காத்துல மிதக்கும், அந்த ஆள் எழும்பி வெளில போனப்புறமும் காம்பராவுக்குள்ள சுத்திட்டே இருக்கும். நுரையீரலோட கடைசி காத்துப்பை வரைக்கும் போய்ச் சேர்ற அளவும் இந்தச் சின்னதுக்குத்தான் இருக்கு. இத வெல்ஸ்னு ஒருத்தர் 1934ல எடுத்துச் சொன்னார். 1950கள் கடைசில அவரும் ரைலினு ஒரு டாக்டரும் அமெரிக்கால பால்டிமோர்ல ஒரு காசநோய் வார்டோட காத்த மட்டும் குழாய்ல எடுத்து மாடில இருந்த சுமார் 150 கினிப் பன்றிங்களுக்கு விட்டாங்க. நோயாளிய அதுங்க பாத்ததே இல்ல, தட்டு, துணி, தொடுகை எதுவும் கிடையாது, காத்து மட்டும்தான். அப்படியும் மாசம் மாசம் சில பன்றிங்களுக்கு தொத்துச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

அப்ப கேள்வி இதுதான்: மிதக்கற கிருமி காம்பராவ விட்டு எவ்வளவு சீக்கிரம் வெளியேறும்? ஒரு கோப்பை நிறைய சாயத் தேத்தண்ணிய பைப்புக்குக் கீழ வச்சு மெதுவா தண்ணிய திறந்து விடுங்க, தண்ணி கலந்து கலந்து வழியும், சாயம் வெளிறிட்டே வரும். ஒரு கோப்பை அளவு தண்ணி விழுந்து முடிஞ்சா சாயம் முழுசா போயிருக்காது, 63 வீதம்தான் போயிருக்கும், ஏன்னா வழியுறதுல புதுத் தண்ணியும் சேந்துதான் போகுது. அடுத்த கோப்பை அளவுக்கு மிச்சத்துல 63 வீதம், அப்படியே போகும். காத்தும் இதே கணக்குத்தான். கதவடைச்ச காம்பராவுல காத்து மணிக்கு ஒரு தடவை மாறுதுனு வச்சா, ஒரு இருமல்ல வந்ததுல 99 வீதம் வெளியேற நாலரை மணிநேரத்துக்கு மேல ஆகும். மணிக்கு 7 தடவை மாறினா 40 நிமிஷம் போதும். நோயாளி விடாம இருமிட்டு இருந்தாலும் காம்பராவுல தங்கற கிருமி ஏழுல ஒரு பங்காயிடும்.

மணிக்கு ஏழு தடவைங்கறது எங்க இருந்து வருதுனு கேப்பீங்க. இந்த இடந்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஃபேன் வேணாம், காத்து வீசவும் வேணாம், உள்ள சூடு வெளில குளிர் இருந்தா போதும். சூடான காத்து பாரம் குறைவு, அது ஜன்னலோட மேல் பாதி வழியா வெளியேறும், குளிர்க்காத்து கீழ் பாதி வழியா உள்ள வரும், ஒரே ஜன்னல்லயே போக்குவரத்து ரெண்டும் நடக்கும்! பத்தடிக்குப் பன்னிரண்டடி, எட்டடி உசரக் காம்பரா, அரை சதுர மீட்டர் திறந்த ஜன்னல், உள்ளுக்கும் வெளிக்கும் 8 பாகை வித்தியாசம்னு போட்டுக் கணக்குப் பாத்தா சுமார் 7 தடவை வரும். வித்தியாசம் 2 பாகைதான்னா அதுல பாதிதான் வரும், ஏன்னா ஓட்டம் வித்தியாசத்தோட வர்க்கமூலத்துக்குத் தகுந்த மாதிரிதான் கூடும். அதாவது காத்து வீசாத ராத்திரில கொழும்புப் புழுக்கத்துல கிடைக்கறத விட அதே ஜன்னல்ல நம்ம மலைநாட்டுல ரெண்டு மடங்கு காத்து மாறும். எந்தக் குளிருக்குப் பயந்து நாம ஜன்னல்ல சாக்கு அடைச்சு வைக்கிறோமோ அந்தக் குளிர்தான் கிருமிய வெளில தள்ளற எஞ்சினே!

அந்தக் காலத்துல இத அழகா பயன்படுத்தின ஒரு சாமான் ஜன்னல் கூடாரம். நியூயோர்க்ல நாஃப்னு ஒரு டாக்டர் அப்படி ஒன்ன வடிவமைச்சார். கட்டில ஜன்னலோட ஒட்டிப் போட்டு, தலைமாட்டுக்கு மேல கன்வஸ் துணில ஒரு சின்னக் கூடாரம், அதோட ஒரு பக்கம் ஜன்னல் பாத்து திறந்திருக்கும். நோயாளியோட தலை மட்டும் வெளிக்காத்துல, உடம்பு கம்பளிக்குள்ள, குடும்பம் சூடான அறைக்குள்ள. அவர் விடற மூச்சு சூடானது, மேல ஏறி ஜன்னல் வழியாவே வெளில போயிடும், அறைக்குள்ள வராது. நோயாளிக்குத் தூய காத்து வேணும்னு செஞ்ச சாமான், கூட இருந்த புள்ளைங்களுக்கு ஒரு கவசமாவும் ஆச்சு. மின்சாரம் வேணாம், ஒரு துணியும் நாலு கம்பும்தான். இத நினைச்சாலே எனக்கு சந்தோஷமா இருக்கு.

2007ல பெரு நாட்டு லிமாவுல எட்டு ஆஸ்பத்திரில அளந்தும் பாத்துட்டாங்க. ஜன்னல் கதவெல்லாம் திறந்த அறைங்கள்ல காத்து மணிக்கு 28 தடவை மாறுச்சு, மெஷின் வச்ச அறைல 12தான். உசரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்கள்ல 40. பழைய ஆளுங்க கட்டினது வீண் போகல.

நம்ம லயத்துக்கு வருவோம். மலையகத் தோட்டங்களுக்கு மருத்துவ வசதி செய்யணும்னு 1872லயே சட்டம் வந்துடுச்சு, ஆனா அதே காலத்து லயங்கள் முதுகோட முதுகு ஒட்டிக் கட்டின வரிசை, பின்னால சுவர் இன்னொரு வீட்டோடது, பல காம்பராவுல ஜன்னலே கிடையாது, உள்ளயே அடுப்பு, புகையும் நுரையீரலக் கெடுக்கும். ஒரே சமயத்துல பாஸ்டன்ல ஏழைக்கு மொட்டைமாடில கூடாரம் போட்டாங்க, இங்க பொட்டிக்குள்ள அடைச்சு வச்சாங்க. 1910கள்ல அமெரிக்காவோட ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக் காசு தோட்டங்களுக்கு வந்துச்சு, கொக்கிப்புழுவ ஒழிக்க, நல்ல வேலைதான், ஆனா கொக்கிப்புழு வந்தா ஆள் சோந்து வேலை குறையுதுங்கறதும் அதுக்கு ஒரு பெரிய காரணம். ஆராய்ச்சிக் காசு யாரோட நட்டத்தப் பாத்து வருதுங்கறது இன்னைக்கும் கேக்க வேண்டிய கேள்வி. ஒரு கரியமிலவாயு மீட்டர் இருந்தா போதும், விலை பெருசில்ல, லயம் லயமா ராத்திரில வச்சு அளக்கலாம். மூச்சுல அந்த வாயு 4 வீதம், வெளிக்காத்துல 0.04 வீதம், அதனால மீட்டர் 1600 (பத்து லட்சத்துல 1600 பங்கு, அதாவது 0.16 வீதம்) காட்டுச்சுனா நாம இழுக்கற காத்துல நூத்துல மூணு பங்கு ஏற்கனவே யாரோ விட்ட மூச்சுனு அர்த்தம். புது வீடு கட்டற திட்டத்துக்குக் கோடிக்கணக்குல ஒதுக்கறவங்க அதுல ஒரு துளிய இதுக்கு ஒதுக்கணும், ஜன்னல் எவ்வளவு உசரம், கூரைக்கடியில எவ்வளவு இடைவெளினு அளந்து பாத்துக் கட்டணும்.

இன்னொன்னு, மாசக்கணக்கா இருமறவர செய்வினைனு கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போறது. இத நான் கோவமாவே சொல்றேன், சாமி கும்பிடறது அவங்கவங்க விருப்பம், ஆனா அங்க அலையற ஒவ்வொரு வாரமும் அந்தக் காம்பராவுல இருக்கற புள்ளைங்க அந்தக் காத்தத்தான் சுவாசிக்குது. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளிப் பரிசோதனைதான் முதல்ல.

இப்ப தங்கச்சியோட முதல் கேள்வி. வீட்டுல வச்சு மருந்து குடுத்தா போதுமாங்கறத உலகத்துக்கே நிரூபிச்சது நம்ம பக்கத்து ஊர், மெட்ராஸ். 1956ல சேத்துப்பட்டுல ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினாங்க, வாலஸ் ஃபொக்ஸ் தலைமைல. 193 ஏழை நோயாளிங்கள சீட்டுக் குலுக்கற மாதிரி ரெண்டாப் பிரிச்சு பாதிப்பேர சானடோரியத்துக்கும் பாதிப்பேர நெருக்கடியான வீட்டுக்கும் அனுப்பி, ரெண்டு பக்கமும் ஒரே மாத்திரை ஒரு வருஷம் குடுத்தாங்க. வீட்டுல சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, அப்படியும் குணமானது கிட்டத்தட்ட ஒரே அளவு, வீட்டுல கூட இருந்த குடும்பத்துக்கு அதனால கூடுதலா தொத்தவும் இல்ல. 1959ல முடிவு வெளியாச்சு, உலகம் முழுக்க சானடோரியங்கள மூடத் தொடங்கினதுக்கு இது ஒரு பெரிய காரணம். பால்டிமோர் கினிப் பன்றிங்களும் இதத்தான் சொல்லுச்சு, மருந்து எடுக்கறவங்ககிட்ட இருந்து தொத்தினது மிகமிகக் குறைவு.

அந்தக் காலப் பால், முட்டையும் வீண் இல்ல. 2023ல வெளியான இந்தியாவோட ஜார்க்கண்ட் மாநில ஆய்வுல நோயாளி வீட்டுல உள்ளவங்களுக்கு சத்தான ரேஷன் குடுத்தப்ப அவங்களுக்கு காசநோய் வர்றது 39 வீதம் குறைஞ்சுச்சு. தோட்டத்துப் புள்ளைங்கள நல்லா தெரிஞ்ச எல்லாரும் இந்த 39ஐ மனசுல வச்சுக்கணும்.

அதனால தங்கச்சி, மாமனார் படுக்கைய ஜன்னல் பக்கம் போடுங்க, கம்பளி நல்லா போத்தி விடுங்க, முடிஞ்சா ஒரு ஊதுபத்திய கொளுத்தி புகை எந்தப் பக்கம் போகுதுனு பாருங்க, புகை அவர்கிட்ட இருந்து புள்ளைங்க பக்கம் வந்தா புள்ளைங்க படுக்கற இடத்த மாத்துங்க. தட்ட ஒதுக்க வேணாம், ஆளையும் ஒதுக்க வேணாம். ரெண்டு புள்ளையையும் மார்புநோய் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க, அஞ்சு வயசுக்குக் கீழனா நோய் இல்லாட்டியும் தடுப்பு மாத்திரை குடுப்பாங்க. அவருக்கு வழக்கமா மொத்தம் 6 மாசம், முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாசம் ரெண்டு மருந்து. பெரும்பாலானவங்களுக்கு ரெண்டாம் மாசமே சளில கிருமி இல்லனு வரும், இருமலும் குறைஞ்சிடும், அந்த நேரத்துலதான் நிறைய பேர் நிப்பாட்டிடறாங்க. சுறுசுறுப்பா பெருகற கிருமி சீக்கிரம் சாகும், ஆனா ஒரு சின்னக் கூட்டம் பெருகாம சும்மா கிடக்கும், அது எப்பவாவது கொஞ்சம் அசையற நேரம் பாத்துத்தான் அந்த ரெண்டு மருந்துல ஒன்னான ரிஃபாம்பிசின் அடிக்கும், மிச்ச நாலு மாசமும் அந்தக் கூட்டத்துக்காகத்தான்.