நல்ல குடும்பத்துப் பையனின் காலிக் கோப்பு

"பார்த்தால் அப்படிச் செய்கிற ஆள் மாதிரி தெரியவில்லையே." வன்முறை வழக்குகளில் சிக்கியவர்களை மதிப்பீடு செய்யும் உளவியலாளராக நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். படித்தவர், பணிவாகப் பேசுகிறவர், வசதியான வீட்டுக்காரர் என்றால் இது கட்டாயம் வரும்.

இவர்களில் சிலரை 'சோசியோபாத்' என்பார்கள். பிறர் உரிமையையும் வலியையும் மதிக்காமல், வருத்தமின்றி நடப்பவருக்கான பேச்சுவழக்குச் சொல் அது. எங்கள் நோயறிதல் நூலில் இருப்பது சமூக விரோத ஆளுமைக் கோளாறு. இது உள்ள எல்லோரும் கை ஓங்குவதில்லை. அப்புறம், இது புத்தி பேதலித்த நிலையும் அல்ல. செய்வது தெரிந்தே செய்வார்கள். 18 வயது நிரம்பியவருக்குத்தான் இந்தப் பெயரைச் சூட்டலாம். அதோடு 15 வயதுக்கு முன்பே கொடூரமோ பொய்யோ திருட்டோ நடத்தையில் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கான சான்று எங்கே கிடைக்கும்? 12 வயதுப் பையன் ஒருவன் இன்னொருவனின் கையை வேண்டுமென்றே முறிக்கிறான். ஏழை வீட்டுப் பையனென்றால் பள்ளி நீக்கம், காவல்துறை, தடித்துக்கொண்டே போகும் கோப்பு. செல்வாக்குள்ள வீடென்றால் தலைமையாசிரியரோடு ஒரு பேச்சு, மருத்துவச் செலவு, அடுத்த ஆண்டு வேறு பள்ளி. பத்து வருடம் கழித்து அவன் நீதிமன்றத்தில் நிற்கும்போது கோப்பில் ஒன்றும் இருக்காது. 'முதல் குற்றம்' என்று தண்டனை குறையும். அது முதல் குற்றமல்ல, முதலில் பதிவான குற்றம்.

ஒருவரின் அறிக்கையில் 'உண்மையாக வருந்துகிறார்' என்று நானே எழுத இருந்தேன். இரண்டாவது சந்திப்பில் அப்படி அழுதார். பிறகு அவருடைய முன்னாள் மனைவியிடம் பேசினேன். "அம்மா பேச்சு வந்ததும் அழுதாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "என்னை அடித்த ஒவ்வொரு தடவையும் அங்கேதான் அழுவார்" என்றார். அந்த வரியை எழுதவில்லை. அந்தப் பெண்ணிடம் பேசாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமல்ல. கனடாவில் 310 ஆண் கைதிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், சைக்கோபதித் தன்மை (இரக்கமோ குற்றவுணர்வோ இல்லாமல் பிறரை மயக்கி ஏமாற்றும் இயல்பு) மிகுந்தவர்களுக்கு நிபந்தனை விடுதலை கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 2.5 மடங்கு இருந்தது. அவர்களின் குற்றப் பின்னணி மோசமாக இருந்தும் இப்படி.

2013இல் அமெரிக்காவின் டெக்சாஸில் 16 வயதுப் பையன் குடித்துவிட்டு வண்டியோட்டி நால்வரைக் கொன்றான். வசதியில் வளர்ந்ததால் விளைவுகள் புரியாதவன் என்று ஓர் உளவியலாளரே சாட்சி சொன்னார். 'அஃப்ளுயென்சா' (செல்வச் செழிப்பால் வரும் நோய் என்ற பொருளில்) என்ற, நோய்ப் பட்டியலிலேயே இல்லாத சொல்லும் அந்தச் சாட்சியத்தில் வந்தது. சிறை இல்லை, 10 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. அவனுக்கு இந்தக் கோளாறு உண்டென்று நான் சொல்லவில்லை. வறுமையில் வளர்ந்ததால் விளைவு புரியவில்லை என்று ஒருவனுக்காக யாரும் வாதாடி இப்படி ஒரு தீர்ப்பு வாங்கியதை நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு அப்படி ஒருவரால் அடிபட்டிருந்தால், 'குடும்ப மானம்' என்று சமரசத்துக்கு வருகிறவர்களிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் தேதி போட்டு நடந்ததை எழுதி வையுங்கள். காயத்தை மருத்துவரிடம் காட்டிப் பதியச் சொல்லுங்கள். என்னைப் போன்ற ஒருவர் என்றாவது அந்தக் கோப்பைத் திறக்கும்போது, அந்தத் தாள் உள்ளே இருக்க வேண்டும்.