நிரப்புச் சர்க்கரை

'சர்க்கரைச் சத்துணவு' என்ற சொல்லை இந்த மாதத்தில் மூன்று இடங்களில் பார்த்துவிட்டேன். பிறவியிலேயே வளர்சிதை மாற்றக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு வாய்வழி கொடுக்கும் மன்னோஸ், காலக்டோஸ் என்ற சர்க்கரைப் பொடிகளை ஆங்கிலத்தில் 'சுகர் சப்ளிமென்ட்' என்கிறார்கள். அதற்கு வைத்த தமிழ்ப் பெயராம்.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். "சத்துணவுன்னா பள்ளிக்கூடத்துல போடுறதுதானே தம்பி? சர்க்கரைன்னா நம்ம கருப்பட்டியவே தட்டிப் போட்டுக் குடுக்கலாமே" என்றார். அவர் மேல் என்ன தப்பு? 1982 முதல் இங்கே சத்துணவு என்றால் மதியச் சோறு. கடையில் வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்றால் பழுப்பு.

சர்க்கரை வடசொல், பரல், மணல் என்பது மூலப்பொருள். சப்ளிமென்ட் லத்தீனிலிருந்து வந்தது, குறையை நிரப்புவது. சத்து என்ற பொருளே அதில் இல்லை.

கருப்பட்டி ஏன் ஆகாது? எம்.பி.ஐ. என்ற நொதி குறைந்த குழந்தையின் உடலால் தனக்குத் தேவையான மன்னோஸ் பாஸ்பேட்டைப் பிரக்டோஸ் வழியாகச் செய்துகொள்ள முடியாது. வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் குளுக்கோஸ் இறங்குவது, கல்லீரல் கெடுவது எல்லாம் அதனால்தான். கருப்பட்டி குளுக்கோஸும் பிரக்டோஸுமாக உடைந்து, அடைத்த கதவின் முன்னால்தான் போய் நிற்கும். மன்னோஸையே கொடுத்தால் வேறு நொதி அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. 1998-இல் மருத்துவ ஏட்டில் வந்த செய்தி இது. எடைக்கேற்ப அளந்து, ஒரு நாளில் நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அடுத்த படியில் வேலை செய்யும் பி.எம்.எம்.2 என்ற நொதி குறைந்தால் அதே மன்னோஸ் பயன்படுவதில்லை, பி.ஜி.எம்.1 என்ற இன்னொரு நொதி குறைந்தால் காலக்டோஸ். இவ்வளவு நுணுக்கமான மருந்தைச் சத்துணவு என்றால், நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்றுதானே தோன்றும்?

'கூடுதல் சர்க்கரை' என்கிறார் ஒரு நண்பர். அது இன்னும் மோசம். "சர்க்கரை கூடிப்போச்சு" என்றால் ஊரே நீரிழிவு என்றுதான் கேட்கும். 'நிரப்புச் சர்க்கரை' என்று சொல்லிப் பார்த்தேன். "எது குறையுது, எதை நிரப்புறாங்க?" என்று கேட்டார் அந்த அக்கா. அந்தக் கேள்வியை எழுப்பும் சொல்தான் எனக்கு வேண்டும்.

தனித்தமிழ் அன்பர்கள் மன்னோஸையும் பெயர்க்கச் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். இதில் மட்டும் மாட்டேன். தாய் மருந்துக்கடையில் கேட்க வேண்டிய பெயர் அது. ஃபியூகோஸ் என்று இன்னொரு சர்க்கரை, அதன் பெயர் கடற்பாசியிலிருந்து வந்ததுதான். அதற்காக அதைப் 'பாசிச் சர்க்கரை' ஆக்கினால், கஞ்சிப்பாசியைக் காய்ச்சிக் குடிக்கும் எங்கள் கரையில் யாராவது அதையே காய்ச்சிக் குழந்தைக்குப் புகட்டிவிடுவார்கள்.